ஆள் மாறிய மாத்திரைப் பெட்டிகள்

“கல்யாணமும் ஆவல, வயித்துல ஒரு புழு பூச்சி தங்கினதும் இல்ல. நீ வந்து எனக்குச் சொல்றியா, எப்பிடி புள்ள பெக்கணும்னு?”

என் அண்ணி இதைச் சொன்னபோது அவளுக்கு மூன்றாம் மாதம். மீன் கழுவிய தண்ணீரை வாசல் ஓரமாகக் கொட்டிவிட்டு, சட்டியைக் கவிழ்த்து வைத்துவிட்டு, என் முகத்தைப் பார்க்காமலே சொன்னாள். நான் கழுத்தில் அடையாள அட்டையும் தோளில் பிரஷர் பார்க்கும் கருவியுமாக நின்றிருந்தேன். எங்கள் வீட்டை ஒட்டி அண்ணன் போட்ட வீடு அது. தினமும் நான் சாப்பிட்டுக் கை கழுவும் இடத்தில் அலுவலகத்து ஆளாக வந்து நிற்பது எனக்கும் வசதியாக இல்லை.

கோபம் வந்தது. எங்கள் குடும்பத்தில் முதன்முதலாகப் பள்ளிக்கூடப் படியேறியவள் நான். பொன்னேரிக்குப் பஸ்ஸில் போய்வந்து விலங்கியல் பட்டம் வாங்கியவள். மருந்துப் பெட்டியில் எழுதியிருப்பதை எங்கள் தெருவில் படித்துச் சொல்ல என்னை விட்டால் ஆள் கிடையாது. அப்படிப்பட்ட என்னைப் பார்த்து இவள் சொல்கிறாளே என்று இருந்தது. ஆனால் அவள் அப்படிப் பேசுவதற்குக் காரணம் இருந்தது, அது எனக்குத் தெரியும்.

அவளுடைய முதல் பிள்ளை எட்டாம் மாதத்தில் போனது. முகமும் காலும் ஊதியபோது, நீர் கோத்துக்கொண்டது, வடிந்துவிடும் என்றார்கள். தலைவலி என்றபோது வெயில் என்றார்கள். கண் மங்குகிறது என்று அவள் சொன்ன அன்றைக்கே ஜன்னி வந்து கை கால் வெட்டி இழுத்தது. ஆட்டோவில் பொன்னேரி, அங்கிருந்து சென்னை. அவள் பிழைத்தாள். குழந்தை ஆணாம். அவள் பார்க்கவில்லை. அவளுக்கு நினைவு திரும்பியபோது என் அப்பாவும் அண்ணனும் எல்லாவற்றையும் முடித்துவிட்டு வந்திருந்தார்கள்.

அவளுக்கு வந்தது கர்ப்ப காலத்து ரத்தக்கொதிப்பு என்பதை நான் இந்த வேலையில் சேர்ந்த பிறகுதான் தெரிந்துகொண்டேன். சென்னையிலிருந்து ஒரு டாக்டரம்மா பழவேற்காடு ஏரியைச் சுற்றியுள்ள மீனவர் ஊர்களில் ஓர் ஆராய்ச்சி நடத்த வந்திருந்தார். அந்தக் கொதிப்பு வரக்கூடியவர்களுக்கு ஆரம்பத்திலிருந்தே சிறிய அளவில் ஒரு மாத்திரை கொடுத்தால் வராமல் தடுக்கலாம். ஆனால் எந்த அளவில் கொடுப்பது நல்லது என்பதே கேள்வி. ஊர்ப் பேச்சு தெரிந்த, படித்த பெண் ஒருத்தி வேண்டும் என்றார்கள். நான் போனேன். அப்பாதான் புலம்பினார். “இம்மாம் படிச்சிட்டு, மாசமா கீறவங்க கைல பட்டை கட்டப் போறேன்றியே?”

முதல் கூட்டம் புயல் பாதுகாப்புக் கட்டடத்தில் நடந்தது. கர்ப்பிணிகள் வந்தார்கள், அவர்களுக்குத் துணையாக மாமியார்கள் வந்தார்கள், வேடிக்கை பார்க்கத் தெருவே வந்தது. டாக்டரம்மா பொறுமையாகச் சொன்னார்.

“மருந்து ஒண்ணுதான். ஒரு பெட்டியில கொஞ்சம் குறைவா இருக்கும், இன்னொரு பெட்டியில கொஞ்சம் அதிகமா இருக்கும். பார்க்க ரெண்டும் ஒரே மாதிரி. தாய்க்கும் குழந்தைக்கும் எது நல்லதுன்னு எங்களுக்கும் தெரியாது. அதைத் தெரிஞ்சுக்கத்தான் வந்திருக்கோம்.”

“டாக்டருக்கே தெரியாதாம், நம்மள சாப்புடச் சொல்றாங்க,” என்றது பின்னாலிருந்து ஒரு குரல். கட்டடம் சிரித்தது.

யாருக்கு எந்தப் பெட்டி என்பதை டாக்டர் முடிவு செய்வதில்லை, கம்ப்யூட்டர் சீட்டுப் போட்டு எடுக்கும் என்று விளக்கப் பார்த்தார். காசு சுண்டிப் பூவா தலையா காட்டினார். ஒருத்திக்கும் பிடிபடவில்லை. அப்போது நண்டு விற்கும் அக்கா எழுந்தாள். எங்களுக்கு அடுத்த தெரு. நாற்பதை நெருங்கும் வயதில் நான்காவதாக உண்டாகியிருந்தாள். அதற்காகத் தன்னையே கேலி செய்துகொள்வதில் அவளை யாரும் மிஞ்ச முடியாது.

“எம்மா, நீங்க சொல்றது பாடுதான? எங்க ஊர்ல தெனம் நடக்கறத எங்களுக்கே காசு சுண்டிக் காட்டறீங்களே!”

கூட்டம் முழுக்க, “அட ஆமா, பாடு!” என்றது. டாக்டரம்மா என்னைப் பார்த்தார். நான் அவருக்குச் சொன்னேன். ஏரியில் எல்லா இடத்திலும் ஒரே மாதிரி மீன் படாது. முகத்துவாரத்துப் பக்கம் இறால் அள்ளும். உள்ளே தள்ளிப் போனால் வலை நனைவதுதான் மிச்சம். சண்டை வராமல் இருக்க, கோயில் முன்னால் சீட்டுக் குலுக்கி, யார் எந்த இடத்தில் வலை கட்டுவது என்று எடுப்பார்கள். அதற்குப் பெயர் பாடு. சீட்டில் ஆண்களின் பெயர்தான் இருக்கும்.

“சரியாப் புரிஞ்சுக்கிட்டீங்க,” என்றார் டாக்டரம்மா. அவர் முகத்தில் அப்படி ஒரு நிம்மதி. எனக்கும்தான். இதை நம் ஊர்க்காரியே சொன்னாளே என்று பெருமையாக இருந்தது.

“எம் புருசன் பேருதான் சீட்டுல வரும்னு கீதா? இப்ப எம் பேரு வருது பாரு, கம்ப்யூட்டர்ல!” என்று அக்கா இடுப்பில் கை வைத்துக்கொண்டாள். பெண்கள் வரிசையாக வந்து கையெழுத்தோ கைநாட்டோ வைத்தார்கள். அண்ணி கடைசியில் வந்தாள். அக்கா கையைப் பிடித்து இழுத்து வந்திருந்தாள். “உன் நாத்தனாருக்காக வேணாம்டி. எனக்காக வா.”

அதன் பிறகு நடந்ததெல்லாம் நடைதான். ஒரு நாள் தோணிரேவு, ஒரு நாள் கோட்டைக்குப்பம், படகு கிடைத்தால் பசியாவரம். மணலில் செருப்போடும் நடக்க முடியாது, செருப்பில்லாமலும் நடக்க முடியாது. ஏரியில் கையால் இறால் தடவும் பெண்கள் இடுப்பளவுத் தண்ணீரில் இருப்பார்கள். பறிக்கூடையோடு அவர்கள் கரையேறும்வரை காத்திருப்பேன். ஈரக் கையில் பட்டையைச் சுற்றினால் வழுக்கும். அளப்பதற்கு முன் கொஞ்ச நேரம் பேசாமல் உட்கார வைக்க வேண்டும் என்பது விதி. அந்த விதியை எழுதியவர் எங்கள் ஊர்ப் பெண்களைப் பார்த்ததே இல்லை.

“கொஞ்சம் சும்மா உக்காருக்கா.”

“சும்மா உக்காந்தா எவன் சோறு போடுவான்? உன் கம்ப்யூட்டரா?”

மாமியார்கள் வேறு. தினமும் வந்து கையைக் கட்டி ரத்தத்தை உறிஞ்சிக்கொண்டு போகிறேன் என்று ஒருத்தி கிளப்பிவிட்டாள். அதை நம்பாதவர்களும் என்னைக் கண்டால் மருமகளை உள்ளே அனுப்பிவிடுவார்கள். சிறுநீர் பரிசோதிக்கப் பாட்டிலை நீட்டும்போது முகம் சுளிக்காதவர்கள் இல்லை. பழவேற்காட்டில் இருக்கும் நாட்களில் மதியச் சோற்றை டச்சுக் கல்லறைத் தோட்டத்து மதில் நிழலில் சாப்பிடுவேன். சுற்றிப் பார்க்க வந்தவர்கள் வாசல் கல்லில் செதுக்கிய எலும்புக்கூட்டைப் படம் எடுத்துக்கொண்டிருப்பார்கள். உள்ளே கிடப்பவர்களிலும் பிரசவத்தில் போனவள் இருப்பாள் என்று ஒரு நாள் தோன்றியது. அவ்வளவுதான். எழுந்து கை கழுவிவிட்டு அடுத்த தெருவுக்குப் போனேன். எதையும் நினைத்துக்கொண்டே இருக்க உடம்பில் தெம்பு வேண்டும்.

இந்த அலைச்சலில் எனக்கு இருந்த ஒரே ஆறுதல் எங்கள் குப்பம். மற்ற ஊர்களில் மாத்திரையை மறந்தவள், குமட்டுகிறது என்று குப்பையில் போட்டவள், ஆடு தின்றுவிட்டது என்று சொன்னவள் எல்லாரும் உண்டு. எங்கள் குப்பத்தில் யார் வீட்டுப் பெட்டியைத் திறந்தாலும் எத்தனை தீர்ந்திருக்க வேண்டுமோ அத்தனை தீர்ந்திருக்கும். அலுவலகத்தில் டாக்டரம்மா எல்லார் முன்னிலையிலும் சொன்னார், “இவங்க ஊரைப் பாருங்க. இப்படித்தான் இருக்கணும்.” நான் தலையைக் குனிந்துகொண்டேன். உள்ளுக்குள் குனியவில்லை.

சாயங்காலச் சாப்பாட்டுக்குப் பிறகு கர்ப்பிணிகள் ஒருத்தி வீட்டுக்கு ஒருத்தி போய்வருவதை நானும் பார்த்திருக்கிறேன். என் அம்மாகூடச் சொன்னாள், “மசக்கைக்காரிங்கள்லாம் ஒண்ணு சேந்துகினாளுங்க, ஒருத்தி வூட்டுக் கொழம்ப ஒருத்தி ருசி பாக்கறாளுங்க.” நல்லதுதானே என்று விட்டுவிட்டேன்.

அண்ணிக்கு ஏழாம் மாதம் முடிகிற சமயம். வளைகாப்புப் போட்ட வளையல்கள் கையில் இறுகிக் கிடந்தன. முகம் சற்று ஊதியிருந்தது. பட்டையைச் சுற்றி அளந்தேன். அதிகம். கொஞ்ச நேரம் படுக்க வைத்து மறுபடி அளந்தேன். அப்போதும் அதிகம். சிறுநீரில் புரதமும் இருந்தது. அவள் கண் என் முகத்திலேயே இருந்தது. முதல் தடவை அவளுக்கு நடந்தது எல்லாம் எங்கள் இருவருக்கும் ஒரே நேரத்தில் நினைவு வந்திருக்க வேண்டும்.

“தலை வலிக்குதா அண்ணி?”

“காலைலேர்ந்து.”

“மாத்திரை தவறாம சாப்பிடறியா?”

“தவறாமன்னா? ரெண்டு சாப்பிடறேன்.”

“ரெண்டா?”

“இங்க ஒண்ணு. அக்கா வூட்ல ஒண்ணு.” நான் விழிப்பதைப் பார்த்துவிட்டு, சின்னக் குழந்தைக்குச் சொல்வதைப் போலச் சொன்னாள், “இந்த மாசம் எனக்கு அக்கா வூடுதான் பாடு. அமாவாசைக்கு மாறிச்சில்ல? மாறின அன்னிலேர்ந்து அங்க. வீங்குதுன்னு தெரிஞ்சப்புறம் எங்கூட்டு மாத்திரையும் சேத்து சாப்பிடச் சொல்லிச்சி அக்கா.”

அப்போதுதான் எனக்குப் புரிந்தது. பாடு முறையில் சீட்டு ஒரு பாதிதான். மீதிப் பாதி சுற்று. இன்று முகத்துவாரம் கிடைத்தவன் அடுத்த முறை உள்ளே தள்ளிப் போவான். உள்ளே இருந்தவன் முகத்துவாரத்துக்கு வருவான். இடம் அங்கேயே இருக்கும், ஆள்தான் மாறுவான். எங்கள் ஊர்ப் பெண்கள் அதை அப்படியே செய்திருந்தார்கள். பெட்டி அவரவர் வீட்டிலேயே இருந்தது. அமாவாசைக்கு அமாவாசை ஆள் மாறினார்கள். சாயங்காலம் அடுத்தவள் வீட்டுக்குப் போய் மாத்திரையை விழுங்கிவிட்டு வந்தார்கள். அதனால்தான் எந்தப் பெட்டியிலும் கணக்குப் பிசகவில்லை.

அண்ணியை இடது பக்கமாகப் படுக்கச் சொல்லி, அம்மாவைப் பக்கத்தில் உட்கார வைத்துவிட்டு, அக்காவிடம் ஓடினேன். அவள் வாசலில் உட்கார்ந்து நண்டுகளுக்குக் கொடுக்குக் கட்டிக்கொண்டிருந்தாள்.

“அக்கா, இன்னாக்கா செஞ்சி வச்சிருக்கீங்க? அவங்கவங்க பொட்டிய அவங்கவங்கதான சாப்பிடணும்?”

“யார் சொன்னா?”

“டாக்டரம்மா சொன்னாங்களே.”

“பாடுன்னுதான சொன்னாங்க? சரியாப் புரிஞ்சிகினீங்கன்னு வேற சொன்னாங்க.” அவள் கை நிற்கவில்லை. “குலுக்கல்ல ஒருத்திக்கு வந்தது கடைசி வரைக்கும் அவளுக்கேன்னா அது இன்னா நியாயம்? அப்பிடி ஒரு பாடு எந்த ஊர்லயாவது கீதா? எவளுக்கு ராசியில்லாத பொட்டி வந்துதோ, அவ புள்ளய பறிகொடுக்கணுமா? நாங்க அப்பிடி வுட்ருவமா?”

“சரி, அண்ணிக்கு ஏன் ரெண்டு?”

“அவளுக்கு முன்னாடி ஒண்ணு போச்சில்ல? எங்கூட்டு மாத்திர போட்டா நெஞ்ச எரிக்குது. அப்ப அதுதான் வீரியம். அவளையே போட்டுக்கச் சொல்லிட்டேன். அவ பொட்டிதான் இந்த மாசம் எனக்குப் பாடா வந்துது, அதையும் அவளுக்கே வுட்டுட்டேன்.”

“அப்ப நீ?”

“எனக்கு இன்னாத்துக்கு? மூணு பெத்தவ.”

அவள் வயதுக்குக் கொதிப்பு வரலாம் என்றுதான் அவளை ஆராய்ச்சியில் சேர்த்திருந்தோம். அண்ணியின் வீக்கம் தெரிந்த நாளிலிருந்து அவள் ஒரு மாத்திரையும் போடவில்லை. நான் அவள் பக்கத்தில் மணலில் உட்கார்ந்துவிட்டேன். கோபப்படக்கூட முடியவில்லை. என் வாழ்நாளில் ஒருத்தி இன்னொருத்திக்கு இப்படி விட்டுக் கொடுத்துப் பார்த்ததில்லை. அதுவே இப்படி வந்து முடிந்திருந்தது.

“அண்ணிக்கு பிரஷர் ஏறிப்போச்சிக்கா. ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போவணும்.”

அக்காவின் கை நின்றது. “மாத்திரையாலயா?”

“தெரியல. அத டாக்டர்தான் சொல்லணும். அவ இன்னா சாப்பிட்டான்னு சொன்னாத்தான் சொல்ல முடியும்.”

“சொன்னா இன்னா ஆவும்?”

“ஆராய்ச்சிலேர்ந்து நம்ம ஊர எடுத்துடுவாங்க.”

“வண்டி?”

கர்ப்பிணிகளை ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போக ஆராய்ச்சிக்காரர்கள் ஒரு வண்டி விட்டிருந்தார்கள். ஆம்புலன்ஸுக்குக் காத்துக் கிடந்த ஊருக்கு அந்த வண்டி எவ்வளவு பெரிய விஷயம் என்று எனக்குத் தெரியும். “வண்டியும் போவும்,” என்றேன்.

“அப்ப ஒடம்பு சரியில்லன்னு மட்டும் சொல்லி இட்டுகினு போ. மத்தத எதுக்கு சொல்லிகினு?”

அக்கா தனக்காகக் கேட்கவில்லை. ஊரில் இன்னும் எத்தனையோ பேர் மாசமாக இருந்தார்கள். திரும்பி வந்தால் அண்ணியும் அதையே சொன்னாள், வேறு விதமாக. என் கையைப் பிடித்துக்கொண்டாள். அவள் என் கையைப் பிடித்ததே இல்லை. “சொன்னீன்னா மாத்திரைய புடுங்கிடுவாங்க. இந்தப் புள்ளயும் போச்சுன்னா, உன்ன எம் மூஞ்சில முழிக்க வுட மாட்டேன், ஆமா.”

வாசலுக்கு வந்து டாக்டரம்மாவுக்குப் போன் செய்தேன். எல்லாவற்றையும் சொன்னேன். சொல்வதா வேண்டாமா என்று நான் யோசித்ததாக நினைவில்லை. ஊசி போடப் போகிறவருக்கு, ஒருவேளை கத்தி வைக்கப் போகிறவருக்கு, உள்ளே என்ன மருந்து போயிருக்கிறது என்று தெரியாமல் இருந்தால் அண்ணியை நானே இருட்டில் தள்ளிவிட்டதாக ஆகும். என் வேலை, ஊரின் வண்டி, அக்காவின் முகம் எல்லாம் அதற்குப் பிறகு.

டாக்டரம்மா திருப்பிக் கேட்டார். “மாறி மாறியா? எல்லாருமா?”

“எல்லாரும்தான் மேடம்.”

“கடவுளே.” மூச்சு விடுவது கேட்டது. “அந்த ரெண்டு வீட்டுப் பெட்டி எண்ணையும் சொல்லுங்க. எதுல எந்த அளவுன்னு ரகசியத்தை உடைச்சுப் பார்க்கச் சொல்றேன். நீங்க அவங்களை வண்டியில ஏத்துங்க. பொன்னேரி வேண்டாம், நேரா சென்னை.”

வழியிலேயே பதில் வந்துவிட்டது. நெஞ்சை எரித்த பெட்டிதான் குறைந்த அளவு. அக்காவுக்கு எரிந்தது கருவாட்டுக் குழம்பாக இருக்கலாம், வயிற்றில் இருந்த பிள்ளையாகவும் இருக்கலாம். இரண்டையும் சேர்த்தாலும் பயப்படும்படி இல்லை என்றார் டாக்டரம்மா. “மாத்திரைக்குப் பயப்பட வேண்டாம். பிரஷருக்குத்தான் பயப்படணும்.” நான் அண்ணியிடம் அதைச் சொன்னேன். அவள் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். நான் சொல்லிவிட்டேன் என்பது அவளுக்குப் புரிந்துவிட்டது.

சென்னை ஆஸ்பத்திரியில் அவளை வெளிச்சம் குறைத்த ஓர் அறையில் வைத்தார்கள். வலிப்பு வராமல் இருக்க ஒரு மருந்தைச் சொட்டுச் சொட்டாக ஏற்றினார்கள். உடம்பெல்லாம் தீயாக எரிகிறது என்று அரற்றினாள். பிரஷர் இறங்க ஒன்று, குழந்தையின் நுரையீரல் சீக்கிரம் முதிர ஒன்று என்று ஊசிகள். ஒவ்வொன்றும் எதற்கு என்று நர்ஸிடம் கேட்டுக் கேட்டு அவளுக்குச் சொன்னேன். அவள் கண்ணை மூடிக் கிடந்தாள். ஆனால் நான் சொல்லாமல் விட்டால் கண்ணைத் திறந்து பார்த்தாள்.

அண்ணன் கடலிலிருந்து நேராக வந்திருந்தான். லுங்கியில் உப்புக் காய்ந்து கோடு போட்டிருந்தது. தாழ்வாரத்தில் குந்திக்கொண்டு ஒரே ஒரு கேள்விதான் கேட்டான்.

“இந்த வாட்டியாவது தங்குமா?”

“தெரிலண்ணா.”

“படிச்சவதான நீ.”

“அதான் தெரிலன்றேன்.”

மேலும் சில நாட்கள் குழந்தையை உள்ளேயே வைத்திருக்கப் பார்த்தார்கள். முடியவில்லை. ஒரு முற்பகலில் வயிற்றைக் கிழித்து எடுத்தார்கள். பெண். என் உள்ளங்கையை விடக் கொஞ்சம்தான் பெரிய முதுகு. சூடு காட்டும் பெட்டியில் குழாய்களுக்கு நடுவே வைத்தார்கள். அண்ணிக்கு ஜன்னி வரவில்லை. பிள்ளை அழுததைத் தன் காதால் கேட்டாள். மறுநாள் நான் கஞ்சி கொண்டுபோனபோது, “நகம் கீதான்னு பாத்தியா?” என்று கேட்டாள். பார்த்தேன், இருக்கிறது என்றேன். கஞ்சியை வாங்கிக் குடித்தாள். மன்னிப்பெல்லாம் இல்லை. இன்றும் என்னிடம் தேவைக்கு மேல் பேசுவதில்லை. குழந்தையைக் குளிப்பாட்டும்போது மட்டும் கூப்பிடுவாள்.

ஊரில் நடந்தது நான் சொன்னபடிதான். புயல் பாதுகாப்புக் கட்டடத்தில் மறுபடியும் கூட்டம். டாக்டரம்மா யாரையும் திட்டவில்லை. பெட்டிகளை வாங்கிக்கொண்டார். ஏற்கெனவே சேர்ந்தவர்களுக்குப் பிரசவம் ஆகும்வரை பார்ப்போம், புதிதாக யாரையும் சேர்க்க மாட்டோம், அதன் பிறகு வண்டி வராது என்றார். எல்லாருடைய கண்ணும் என் மேல் இருந்தது. வெளியே வரும்போது ஒருத்தி, “நல்லா படிக்க வச்சாங்கடி, ஊரக் காட்டிக் குடுக்க,” என்றாள். நான் நின்று அவள் முகத்தைப் பார்த்துவிட்டு நடந்தேன். யார் திட்டினாலும் தலை குனிகிற பழக்கம் எனக்குக் கிடையாது. ஆனால் வீட்டுக்கு வந்து படுத்தவள் மறுநாள் மதியம்வரை எழவில்லை.

அக்கா மட்டும் என்னைத் தேடி வந்தாள். வயிற்றுப் பிள்ளையைச் சுமந்துகொண்டு மூச்சு வாங்க உட்கார்ந்தாள். அவளுக்குப் பிரஷர் ஏறவில்லை. ஏறாமல் இருந்தது அவள் அதிர்ஷ்டம்.

“ஒண்ணு கேக்கறேன், மறைக்காம சொல்லு. மாத்திகினா இன்னா தப்பு? நாங்க ஒண்ணும் திருடலியே.”

“திருடலக்கா. எல்லாரும் எல்லாத்தையும் சாப்பிட்டா, எந்த அளவு நல்லதுன்னு கண்டுபுடிக்க முடியாதில்ல? கடைசில ஒண்ணும் தெரியாமப் பூடும்.”

“தெரிஞ்சா எனக்கு இன்னா லாபம்? அதுக்குள்ள நான் பெத்துடுவேன்.”

“உனக்கு இல்ல. இனிமே மாசமாவப் போறவங்களுக்கு.”

அக்கா யோசித்தாள். “அப்ப எவளோ ஒருத்தி, மூஞ்சிகூடத் தெரியாதவ, அவளுக்காக நான் எம் பொட்டியோட குந்திகினு இருக்கணும். நல்லதோ கெட்டதோ.”

“ஆமாக்கா.”

“இத மொதல்லயே சொல்லியிருந்தா குந்தியிருப்பேனே,” என்றாள். “பூவா தலையான்னு காசு சுண்டிகினு நிக்கறாங்க.”

அவள் போன பிறகும் நான் அங்கேயே உட்கார்ந்திருந்தேன். முதல் கூட்டத்தில் நாங்கள் சீட்டைப் பற்றித்தான் பேசினோம். அது யாருக்காக என்று பேசவில்லை. கையெழுத்து வாங்கத் தேவையான அளவுக்குச் சொன்னோம், புரிந்துவிட்டது என்று சந்தோஷப்பட்டோம். பாடு ஊருக்குள் இருக்கிறவர்கள் தங்களுக்குள் பங்கு போட்டுக்கொள்ளும் நியாயம். அதில் இன்னும் பிறக்காத ஊர்க்காரிக்கு இடமில்லை. அவளுக்கும் ஓர் இடம் வைக்கச் சொன்னால் வைக்க மாட்டேன் என்கிற பெண்கள் இல்லை இவர்கள்.

இதை டாக்டரம்மாவிடம் சொன்னேன். அவரும் களைத்திருந்தார். எங்கள் ஊரிலிருந்து வந்ததையெல்லாம் தனியாக ஒதுக்கிவைக்க வேண்டியதாகிவிட்டது. மேலிடத்துக்குப் பதில் எழுதியே ஓய்ந்து போயிருந்தார். பசியாவரத்தில் புதிதாக உண்டானவர்களைச் சேர்க்க வேண்டும், பெட்டிகளை எடுத்துக்கொண்டு போய்வா என்றார். பெட்டி இல்லாமல் போகிறேன் என்றேன். ஒரே நாளில் பேச்சும் கையெழுத்தும் பெட்டியும் வேண்டாம். முதலில் பேசுகிறேன். அவர்கள் தங்களுக்குள் பேசட்டும். பெட்டி அதற்குப் பிறகு.

“நாள் இழுக்கும்,” என்றார்.

“இழுக்கட்டும் மேடம்.”

இந்தத் திங்கட்கிழமை படகு ஏறினேன். காற்று எதிரே இருந்தது, முட்டிவரை நனைந்துதான் இறங்கினேன். வலை காயப்போட்ட கொட்டகையில் பெண்கள் கூடியிருந்தார்கள். என் கையில் ஒன்றும் இல்லாததைப் பார்த்து ஒருத்தி, “இன்னா ஆராய்ச்சிக்காரம்மா, மாத்திர பொட்டி எங்க?” என்றாள்.

“அடுத்த வாரம்,” என்றேன். பையைக் கீழே வைத்துவிட்டு அவர்கள் நடுவே உட்கார்ந்தேன். உங்கள் ஊரில் ஒரு பொருள் வந்தால் அதை எப்படி எப்படியெல்லாம் பங்கு போட்டுக்கொள்வீர்கள் என்று கேட்டேன். எல்லாரும் ஒரே நேரத்தில் பேச ஆரம்பித்தார்கள்.